அழைத்தது அப்பாதானா?

பேய்ப் படம் என்றதும் நம் குடும்பங்களில் இரண்டு விதமான குரல்கள் எழுவதுண்டு. இளையோர் ஆவலோடு கிளம்புவர், பெரியோர், "அந்த வேண்டாத வேலை நமக்கெதற்கு?" என்று ஒதுக்கிவிடுவர். ஆனால் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் துயரத்தைக் கதையாக வைத்து, குருவானவர் ஒருவரைப் பேயோட்ட வரவழைத்து, தமிழிலேயே ஒரு படம் எடுக்கப்பட்டிருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டு நகர்வது முறையாகாது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள்கள் இருக்கையில் வெளிவந்த 'கனெக்ட்' அத்தகைய படம். திரையரங்கை விட்டுப் போன படங்களெல்லாம் வீட்டுக் கைப்பேசிக்குள் குடியேறிவிடும் காலம் இது. எனவே இதைப் பற்றி இன்று பேசுவதும் காலங்கடந்த செயலன்று எனக் கருதுகிறோம்.

இப்படத்தில் வரும் பேயைவிட, அதில் வரும் துயரமே நம்மைப் பேசத் தூண்டுகிறது. அத்துயரம் நம் பங்குகளில் பல வீடுகளில் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

கதையும் களமும்

அஸ்வின் சரவணன் இயக்கிய மூன்று திகில் படங்களுள் இது மூன்றாவது. 2015-இல் வந்த 'மாயா', 2019-இல் வந்த 'கேம் ஓவர்' ஆகியவை முந்தைய இரண்டும். தனித்து வாழும் ஒரு பெண், அவள் உள்ளத்தில் ஆறாத காயம், அக்காயத்தின் வழியே நுழையும் அச்சம் என்ற பாங்கு இவருடைய படங்களில் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

'கனெக்ட்' படத்தின் கதை, 2020 மார்ச் மாதத்து ஊரடங்கு நாள்களில் நிகழ்கிறது. டாக்டர் ஜோசப் என்னும் மருத்துவர் கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கையில் அந்நோய்க்கே இரையாகிறார். மனைவி சூசனும் இளம் வயது மகளும் வீட்டில் தனித்து விடப்படுகின்றனர். நோய்த்தொற்று அவர்களையும் பற்றவே, வெளியார் எவரும் உள்ளே வர இயலவில்லை. சூசனின் தந்தையும் கைப்பேசித் திரை வழியாகவே ஆறுதல் சொல்ல வேண்டிய நிலை. அப்பாவிடம் ஒருமுறையேனும் பேசிவிட வேண்டும் என்ற தவிப்பில், அம்மகள் இணைய வழியே ஆவியோடு பேசும் பலகையை நாடுகிறாள். அழைப்புக்கு விடை வருகிறது. விடை தந்தது அப்பா அல்லர் என்பது பின்னரே தெரிகிறது. மும்பையிலிருந்து தந்தை அகுஸ்தீன் என்னும் குருவானவர் கணினித் திரை வழியாகப் பேயோட்டும் செபங்களைச் சொல்கிறார். சூசனாக நயன்தாராவும், அவர் தந்தையாகச் சத்யராஜும், மகளாக ஹனியா நஃபீசாவும், மருத்துவராக வினய் ராயும், குருவானவராக அனுபம் கெரும் நடித்துள்ளனர்.

ஏறத்தாழ 99 நிமிடங்களே ஓடும் இப்படம் இடைவேளையின்றித் திரையிடப்பட வேண்டும் என்று எடுத்தவர்கள் விரும்பினர். இடைவேளையில் நடக்கும் தின்பண்ட விற்பனையை நம்பியிருக்கும் திரையரங்கத்தார் அதற்கு எளிதில் இசையவில்லை. எடுத்தவர்களின் கருத்தில் நியாயம் உண்டு. மூடிய வீட்டுக்குள் அகப்பட்ட இருவரின் மூச்சுமுட்டலைப் பார்ப்போரும் உணர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மங்கிய வெளிச்சம், அடுத்த அறையில் எழும் சிறு ஓசை, திடீரென அறுந்து போகும் காணொலி அழைப்பு ஆகியவையே இதில் அச்சமூட்டும் கருவிகள். கோரப் பற்களையும் இரத்தத்தையும் காட்டிப் பயமுறுத்தும் மலிவான வழியை இப்படம் பெரிதும் நாடவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

வாய்விட்டு அழ முடியாத நாள்கள்

படத்தின் முற்பகுதியில் பேய் எதுவும் இல்லை. ஆயினும் அப்பகுதியே நம் நெஞ்சை மிகுதியாக உலுக்குகிறது. ஒரு மனிதர் மருத்துவமனைக்குப் போகிறார், திரும்பி வரவில்லை. மனைவியும் மகளும் அவர் முகத்தை இறுதியாகப் பார்த்து, நெற்றியில் சிலுவை வரைந்து வழியனுப்பும் பேறு பெறவில்லை.

இது கற்பனை என்று எவர் சொல்வார்? சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவராய் விளங்கிய டாக்டர் சைமன் ஹெர்குலஸ் 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் கொரோனாவால் உயிர் நீத்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. உடலை வேலங்காட்டுக்குக் கொண்டு சென்றபோது அங்கும் ஒரு கூட்டம் கூடி வண்டியைத் தாக்கியது. இரவு வெகுநேரம் சென்றபின், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் தாமே மண்வெட்டி எடுத்து அவரைப் புதைக்க வேண்டியதாயிற்று. கணவரைத் தம் சமய முறைப்படி கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் மனைவி உயர்நீதிமன்றம் வரை சென்று வாதாடினார். இறந்தவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற வலி, உயிரோடிருப்பவரை எவ்வளவு தொலைவு துரத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பரமக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவ்வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அண்டை வீட்டாரும் உறவினரும் சோறு கொண்டு வருவர். துட்டி கேட்க வருவோர் வாசலிலேயே குரலெடுத்து அழுவர். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். நம் இல்லங்களிலோ மாலைதோறும் செபமாலை சொல்லப்படும். ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கப்படும். இவற்றை வெறும் சடங்கு என்று சிலர் எண்ணுவதுண்டு. தறியில் பாவிழை அறுந்தால், அறுந்த இடத்தைத் தேடி முடிந்த பின்னரே நெசவாளர் அடுத்த நாடாவை விடுவார். அவ்வாறே, ஓர் உயிரின் பிரிவால் அறுந்த குடும்பத்தை ஊராரும் உறவினரும் நின்று முடிபோடும் வேலையே இந்த மரபுகள் அனைத்தும். ஊரடங்கு நாள்களில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி வந்தது. நோய் பரவாதிருக்க அது தேவையாய் இருந்தது. ஆனால் அழுவதற்கு ஆளின்றிப் போன வீடுகளில் இழை அறுந்தபடியே நின்றுவிட்டது.

உடல் கிடைக்காத சாவையும், விடைபெறாத பிரிவையும் இந்தக் கடற்கரை முன்னரும் கண்டிருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியையும் அதில் இருந்தோரையும் கடல் கொண்டது. அங்கே இன்றும் நிற்கும் ஆலயச் சுவர்களைப் பார்க்க வருவோர் அதைப் பேய் நகரம் என்று வேடிக்கையாகப் பேசிச் செல்கின்றனர். தம் மக்களை அங்கே இழந்த குடும்பங்களுக்கு அது கல்லறைத் தோட்டம் அன்றோ? அழுது முடிக்காத துயரம் இருக்கும் இடத்தில்தான் பேய்க் கதைகள் முளைக்கின்றன என்பது நாம் சிந்திக்கத்தக்க உண்மை.

சவுல் உண்ட இரவு உணவு

தந்தையை இழந்த சிறுமி அவரோடு பேச விரும்பியது குற்றமா? அந்த விருப்பத்தைக் குற்றம் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. இலாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்ட ஆண்டவரை வழிபடும் நாம் அவ்வாறு சொல்லவும் முடியாது. அவள் தேர்ந்த வழியே தவறாயிற்று.

அவ்வழியில் அவளுக்கு முன்னே சென்ற ஒருவரை விவிலியம் நமக்குக் காட்டுகிறது. சாமுவேல் முதல் நூலின் 28-ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கையில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெலிஸ்தியர் படையெடுத்து வந்து நிற்கின்றனர். மன்னன் சவுலுக்கு இறைவனிடமிருந்து விடை கிடைக்கவில்லை. வழிகாட்டியாய் இருந்த சாமுவேலோ இறந்துவிட்டார். ஆவியோடு பேசுவோரை நாட்டைவிட்டு விரட்டிய அதே சவுல், மாறுவேடம் பூண்டு, இரவோடிரவாக ஏந்தோரில் இருந்த ஒருத்தியைத் தேடிப் போகிறான். அச்சமும் தனிமையும் ஒரு மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு அந்த இரவே சாட்சி.

அங்கே அவன் பெற்றது ஆறுதலன்று. தன் தோல்வியையும் சாவையும் பற்றிய செய்தியே அவனுக்குக் கிடைத்தது. இரவும் பகலும் உண்ணாதிருந்த அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். அப்போது அந்தப் பெண் அவனை வற்புறுத்தி, தன்னிடமிருந்த கன்றை அடித்து, அப்பம் சுட்டு அவனுக்கு உண்ணக் கொடுக்கிறாள். பலர் இதைக் கவனியாது கடந்துவிடுவர். மாண்டவரிடமிருந்து வந்த சொல் அவனைத் தரையில் வீழ்த்தியது. உயிரோடிருந்த ஒருத்தி சமைத்த உணவே அவனை எழுப்பி உட்கார வைத்தது. துட்டி வீட்டுக்குச் சோறு கொண்டு போகும் நம் தாய்மாரின் ஞானம் அந்த வேதப் பக்கத்திலும் இருக்கிறது.

முதலில் திறந்த கதவு

படத்தில் வரும் பலகை பழங்கால மந்திரப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, விளையாட்டுச் சாமானாகக் கடைகளில் விற்கப்பட்டது அது. நம் ஊர்களில் மாணவர் விடுதிகளில் நாணயத்தையோ கண்ணாடிக் குவளையையோ எழுத்துகளின் மேல் நகர்த்தி விளையாடுவதும் அதன் சாயலே. எவரும் தள்ளாமல் அது நகர்வதாகத் தோன்றுவதற்கு உடலியல் அறிஞர் கார்ப்பென்டர் 1852-ஆம் ஆண்டிலேயே விளக்கம் சொல்லியிருக்கிறார். மனம் எதிர்பார்ப்பதை, நாம் அறியாமலேயே நம் தசைகள் மெல்ல இயக்கிவிடுகின்றன என்பதே அவ்விளக்கம். ஏங்கும் உள்ளம் தன் விரலாலேயே தனக்கு விடை எழுதிக்கொள்கிறது.

ஏக்கம் பெருகும் காலங்களில் இப்பழக்கமும் பெருகியிருக்கிறது. 1914-இல் மூண்ட உலகப் போரில் ஐரோப்பாவின் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பலருடைய உடல்கள் வீடு திரும்பவில்லை. ஆங்கில அறிவியலறிஞர் சர் ஆலிவர் லாட்ஜ் 1915-இல் மகன் ரேமண்டைப் போர்முனையில் இழந்தார். மகனோடு ஆவி வழியே பேசியதாக மறு ஆண்டே ஒரு நூல் வெளியிட்டார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், இயேசு சபையார் பள்ளியில் பயின்றவர். முன்னரே இத்துறையில் நாட்டம் கொண்டிருந்த அவர், மகன் கிங்ஸ்லி 1918 அக்டோபரில் இறந்த பின் தம் எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் அதைப் பரப்புவதற்கே செலவிட்டார். ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் கதைகளை எழுதியவரையே துயரம் இவ்வாறு ஆட்கொண்டதெனில், பதின்ம வயதுச் சிறுமி எம்மாத்திரம்!

அக்காலத்தில் திருச்சபை என்ன செய்தது? 1917 ஏப்ரலில் திருப்பேராயம் ஆவிகளை அழைக்கும் கூட்டங்களில் விசுவாசிகள் எவ்வகையிலும் பங்கு கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை பார்ப்பதற்காகக்கூட அங்கே இருத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இத்தடையையே உறுதி செய்கிறது. இது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது பலருக்குத் தெரியாது. 1915 ஆகஸ்டில் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், மரித்த விசுவாசிகளின் நாளாகிய நவம்பர் 2-இல் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்க அனுமதி வழங்கினார். போரில் மாண்டோர் தொகை அவர் உள்ளத்தை வருத்தியதே அதற்குக் காரணங்களுள் ஒன்று.

இந்த வரிசையை ஊன்றிக் கவனியுங்கள். துயருற்றோருக்குத் திருச்சபை முதலில் ஒரு கதவைத் திறந்தது; பிறகே மற்றொரு கதவை மூடியது. 2020-ஆம் ஆண்டிலும் அவ்வாறே. மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று உலகிற்காக மன்றாடியதைத் தொலைக்காட்சியில் நாம் கண்டோம். அவ்வாண்டு நவம்பரில், கல்லறை மந்திரிப்புக்குக் கூட்டமாகச் செல்ல இயலாதோரை எண்ணி, மரித்தோருக்கான பரிபூரண பலன்கள் மாதம் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டன. ஆவியை அழைக்காதே என்று மட்டும் சொல்லி, அழுகிற பிள்ளையை இருட்டறையில் விட்டுச் செல்வது திருச்சபையின் வழக்கமன்று. நம் வழக்கமாகவும் அது இருக்கலாகாது.

தடைக்குக் காரணம் உண்டு. இறந்தோர் இறைவன் கையில் இருக்கின்றனர். நாம் பொத்தானை அழுத்தியதும் வந்து நிற்க அவர்கள் நம் ஏவலர் அல்லர். அவர்களுக்காக நாம் செபிக்கலாம். விண்ணகம் சேர்ந்தோரை நமக்காகப் பரிந்து பேசுமாறு வேண்டலாம். இரண்டிலும் நடுவே இறைவன் இருக்கிறார். அவரை ஒதுக்கிவிட்டு நேரே இழுக்க முனையும்போது, அழைப்பை ஏற்பவர் யார் என்பதற்கு உறுதியேது? படத்தில் அச்சிறுமியின் வினாவும் இதுவே: அழைத்தது அப்பாதானா? இந்த ஒரு செய்தியில் படம் திருச்சபையின் போதனையோடு ஒத்துப்போகிறது.

பேயும் நோயும்

ஒத்துப்போகாத இடங்களையும் சொல்ல வேண்டும். குருவானவர் திரை வழியே பேயோட்டுவது பார்ப்பதற்குப் பரபரப்பாய் இருக்கலாம். அதை நம் வழிபாட்டு முறை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. திருச்சபைச் சட்டம் 1172-இன்படி, மறைமாவட்ட ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குருவே பேயோட்டும் திருச்சடங்கை நடத்தலாம். பக்தியும் அறிவும் விவேகமும் தூய வாழ்வும் உடைய குருவுக்கே அவ்வனுமதி தரப்பட வேண்டும். 1999 ஜனவரியில் வெளியிடப்பட்ட திருத்திய சடங்கு நூல், நோயையும் பேயையும் பிரித்தறிவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும், மருத்துவமும் மனநலமும் அறிந்தோரைக் கலந்து கொள்ளலாம் என்றும், சடங்கு எவ்வகையிலும் காட்சிப் பொருள் ஆகக் கூடாது என்றும் வலியுறுத்துகிறது. காட்சியாக்குவதே தொழிலான திரைப்படம் இந்த இறுதி விதிக்கு உடன்பட இயலாது என்பது வெளிப்படை.

1973-இல் வந்து உலகையே நடுங்க வைத்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்திலும் இக்குறை உண்டு. ஆயினும் அதில் வரும் இளங்குரு காராஸ், தம் தாயைத் தனிமையில் சாகவிட்டோமே என்ற வேதனையோடு அலைபவர். அவ்வேதனை இறுதிக் காட்சி வரை அவரை விட்டு அகல்வதில்லை. 'கனெக்ட்' படத்திலோ, பேய் வந்த பின் டாக்டர் ஜோசப்பின் நினைவு மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறது. பேய் ஓடியதும் துயரமும் ஓடிவிட்டதுபோல ஒரு நிறைவு. துயரம் அவ்வாறு ஓடிவிடுவதில்லை என்பதைக் கணவனை இழந்த எந்தத் தாயும் சொல்வாள்.

இதை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களுள் பலரை, ஆவி பிடித்திருக்கிறது என்று நம்பிக் குடும்பத்தாரே கொண்டு வந்து விட்டிருந்தனர். இது ஒரு சமயத்தாரின் குறை என்று நாம் விரல் நீட்ட வேண்டாம். நம் திருத்தலங்கள் பலவற்றுக்கும் மனநோயுற்றோரைக் கொண்டு வந்து விடும் வழக்கம் உண்டென்பதை நாம் அறிவோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்துள்ளது. தந்தையை இழந்த பிள்ளை உண்ணாமல், உறங்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் முதலில் தேட வேண்டியவர் மருத்துவர். செபம் அதனோடு கூடவே நடக்கட்டும். அதற்கு மாற்றாக வேண்டாம்.

ஓரியூர் காட்டும் வழி

இறந்தோரோடு நமக்குள்ள உறவு எத்தகையது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு மாண்டார். கைகளும் கால்களும் துணிக்கப்பட்டு, அவர் உடல் கம்பத்தில் கட்டப்பட்டது. அவரைத் தந்தையாய் நேசித்த மறவ நாட்டு விசுவாசிகளுக்கு முறையான அடக்கத்தை நடத்தும் பேறுகூடக் கிட்டவில்லை. கொரோனா நாள்களில் நம்மவர் பட்ட வேதனையை அம்மக்கள் அன்றே பட்டிருக்கின்றனர்.

அவர்கள் அவருடைய ஆவியை அழைத்துக் குறி கேட்கவில்லை. அவர் மாண்ட செம்மண்ணைத் தேடி வந்து முழந்தாளிட்டனர். ஒருவர் வந்த வழியே மற்றொருவர் வந்தார். மக்கள் பிள்ளைகளை அழைத்து வந்தனர். 1947-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மண் செபத்தால் நனைந்திருந்தது. கூடி அழுதவர்கள் கூடிச் செபித்தனர். கூடிச் செபித்தவர்களின் துயரம் திருப்பயணமாயிற்று. புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கிறோம் என்று நாம் அறிக்கையிடுகிறோமே, அதன் பொருள் ஓரியூர் மண்ணில் கண்கூடாய் விளங்குகிறது.

நாம் செய்யத்தக்கவை

வளர்ந்தோர் இப்படத்தைப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்த பின் மேலே நாம் கூறியவற்றைத் தமக்குள் பேசிக்கொள்வார்களாயின் பயனும் உண்டு. சிறுவர்க்கு இது ஏற்றதன்று. அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்த பிள்ளைகள், வயது எதுவாயினும், இதைத் தனியே பார்க்க விடலாகாது.

பிள்ளைகளிடம் சாவைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்தால், அவர் வரும் வழியை அவர்கள் எங்கேனும் தேடத்தான் செய்வர். அழும் பிள்ளையை, "நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்" என்று அடக்காதீர்கள். அப்பாவின் பெயரை வீட்டில் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சமையுங்கள். அவருடைய பிறந்த நாளில் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

துட்டி கேட்பதை முப்பதாம் நாளோடு முடித்துவிடாதீர்கள். ஊரும் உறவும் கலைந்துபோன பின்னரே வீட்டில் தனிமை வந்து குடியேறுகிறது. பங்குகளில் இயங்கும் அன்பியங்களும் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பால் சபையும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டு நிறைவிலும் அவ்வீட்டு வாசலை மிதிக்கட்டும். கொரோனா நாள்களில் கூட்டமின்றி அடக்கம் செய்யப்பட்டோரின் பெயர்களைப் பங்குத்தந்தையர் தொகுத்து, நவம்பர் மாதத்தில் பீடத்தின்முன் ஒவ்வொன்றாய் வாசித்தால் பல வீடுகளில் நின்றுபோன தறி மீண்டும் ஓடத் தொடங்கும். அன்று அழ முடியாதவர்கள் இன்று அழட்டும்.

துயரம் மிஞ்சி உடல்நலமும் மனநலமும் குன்றுவதாகத் தோன்றினால், அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை அணுகத் தயங்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் 'டெலிமானஸ்' என்னும் அரசின் மனநல உதவிச் சேவை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுக்கும் பெற்றோர் இந்த எண்ணையும் அதில் பதிந்து கொடுப்பது நல்லது.

படத்தில் அந்தச் சிறுமி பலகையைத் தொடுமுன் பல நாள் தனியே அழுதிருக்கிறாள். அந்நாள்களில் அவள் அறைக் கதவைத் தட்ட நோய்த்தொற்று எவரையும் விடவில்லை. இன்று நம்மைத் தடுப்பது ஏதுமில்லை. உங்கள் தெருவில், உங்கள் உறவில், அண்மையில் சாவு கண்ட வீடு எது என்று எண்ணிப் பாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் நேரே அவ்வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளோடு ஒரு நாழிகை அமர்ந்து வாருங்கள்.